சாக்லேட்டும் ஒரு சிட்டிகை உப்பும்: வீட்டு கேக் வியாபாரத்தில் நம் பங்கு

மளிகைச் சிட்டையைப் பார்த்தாலே ஒரு வீட்டின் அடுப்படி தெரிந்துவிடும் என்பார்கள் பழைய வியாபாரிகள். அந்தச் சிட்டையில் சில ஆண்டுகளாகப் புதிய வரிகள் சேர்ந்திருப்பதை நம் சில்லறை வணிகர்கள் கவனித்திருப்பார்கள். துவரம்பருப்பு, புளி, மிளகாய் வற்றல் என்று இறங்கி வரும் பட்டியலின் கடைசியில் கோகோ பவுடர் 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டப்பா, உப்பில்லாத வெண்ணெய் அரை கிலோ, டார்க் சாக்லேட் ஒரு கட்டி என்று எழுதியிருக்கிறது. "அதெல்லாம் பெரிய கடையில்தான் கிடைக்கும் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த அம்மா பெரிய கடைக்குப் போனால் கோகோவை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவாரா? துவரம்பருப்பையும் அங்கேயே வாங்கிவிடுவார். இதுதான் நாம் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம்.

கேக் என்றால் பேக்கரியில் வாங்குவது, அதுவும் பிறந்த நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்றிருந்த காலத்தில்கூட, அடுப்பு இல்லாமல் வீட்டில் கேக் செய்தவர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் மணலோ கல் உப்போ ஒரு அங்குல உயரத்துக்குக் கொட்டி, அதன் மேல் ஸ்டாண்டு வைத்து, மாவுப் பாத்திரத்தை இறக்கிச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேக வைப்பார்கள். உப்பு சூட்டை வாங்கிச் சமமாகப் பரப்பும். அந்த உப்பை ஆற வைத்து டப்பாவில் போட்டு அடுத்த கேக்குக்கு வைத்துக்கொள்வார்கள், குழம்புக்குப் போடுவதில்லை. ஆகவே வீட்டு கேக்குக்கும் நம் கடை உப்புக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. அப்போது உப்பு பாத்திரத்துக்கு அடியில் இருந்தது. இப்போது மாவுக்குள்ளும் போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

2020இல் ஊரடங்கு வந்தபோது வீட்டில் இருந்த பெண்கள் பலர் கேக் செய்யக் கற்றுக்கொண்டார்கள். சிறிய மின்சார அடுப்பு வாங்கினார்கள். முதலில் பிள்ளைகளுக்கு, பிறகு பக்கத்து வீட்டுக்கு, பிறகு ஆர்டர் எடுத்து என்று வளர்ந்து, இன்று பல தெருக்களில் ஒரு கேக் வீடு இருக்கிறது. இவர்கள் 50 கிராம் கேட்கிறவர்கள் அல்ல. மாதம் 2 கிலோ, 3 கிலோ சாக்லேட் எடுக்கிறவர்கள். சரக்கு நன்றாக இருந்தால் விலை பேசமாட்டார்கள். சரக்கு சரியில்லையென்றால் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கடை மாறிவிடுவார்கள்.

உப்பு எதற்கு?

"சாக்லேட் கேக்குக்கு உப்பு எதற்கு அண்ணாச்சி?" என்று புதிதாகச் செய்கிறவர்கள் கேட்பதுண்டு. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். கேசரியில், கொழுக்கட்டைப் பூரணத்தில், பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிற கை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. உப்புத் தெரியக் கூடாது. ஆனால் போடாவிட்டால் இனிப்பு மொட்டையாக நிற்கும். கொய்யாவையும் அன்னாசியையும் உப்புத் தொட்டுத் தின்பதும் இதே கணக்குத்தான்.

சாக்லேட் விஷயத்தில் காரணம் இன்னும் தெளிவானது. கோகோ இயற்கையில் கசப்பு. உப்பு அந்தக் கசப்பை நாக்கில் அமுக்குகிறது. கசப்பு அமுங்கியதும், அதுவரை மறைந்திருந்த இனிப்பும் மணமும் மேலே வருகின்றன. சர்க்கரையைக் கூட்டாமலே இனிப்புக் கூடியது போலத் தோன்றுவது இதனால்தான். அமெரிக்காவில் மோனெல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 1997இல் இதைச் சோதித்துப் பார்த்து நேச்சர் என்ற விஞ்ஞான இதழில் எழுதினார்கள். நம் பாட்டிமார்கள் எழுதவில்லை, அவ்வளவே.

அளவு என்ன என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கால் கிலோ மைதா போட்டுச் செய்கிற கேக்குக்குத் தூள் உப்பு கால் தேக்கரண்டி, அதாவது ஒன்றரை கிராம் போதும். பிரவுனி, பிஸ்கட் போன்ற சிறிய அளவுக்கு ஒரு சிட்டிகை. மாவுக்குள் போடுவது தூள் உப்பாக இருக்க வேண்டும். கல் உப்பைப் போட்டால் கரையாமல் ஒரு துண்டில் கரிக்கும், மறு துண்டில் ஒன்றும் இருக்காது. உருக்கிய சாக்லேட்டில் நேராக உப்பைப் போட்டாலும் கரையாது. கொழுப்பில் உப்புக் கரைவதில்லை. மைதாவோடு சலித்துவிட வேண்டும், அல்லது பாலில் கரைத்து ஊற்ற வேண்டும்.

கல் உப்புக்கும் இடம் உண்டு, அது மேலே. பிரவுனி, சாக்லேட் பிஸ்கட் இவற்றின் மேல் நான்கைந்து பொறுக்கு உப்புத் தூவுவது இப்போது நாகரிகமாகியிருக்கிறது. இதற்கென்று வெளிநாட்டு உப்புச் செதில் சிறு அட்டைப் பெட்டியில் வருகிறது. விலையைக் கேட்டால் தூத்துக்குடி உப்பளத்துக்காரர் மயங்கி விழுந்துவிடுவார். நம் கல் உப்பை நன்றாகக் காயவைத்து, உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, பெரிய பொறுக்கையும் தூளையும் சலித்து எடுத்துவிட்டால் நடுத்தரமாக நிற்பது அந்த வேலையைச் செய்யும். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு. இதை விட்டுவிட்டுக் கப்பலில் வருவதைத் தேடச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் கவனம்: உணவுக்கு விற்கிற உப்பு, கல்லானாலும் தூளானாலும், அயோடின் சேர்த்ததாக இருக்க வேண்டும் என்பது 2006 முதல் நாடு முழுவதும் சட்டம். விற்பனைக் கட்டத்தில் பத்து லட்சத்துக்கு 15 பங்குக்குக் குறையக் கூடாது. மூட்டையைப் பிரித்து லூஸில் விற்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அயோடின் சேர்ந்தால் கேக்கில் வாடை வரும் என்று சிலர் சொல்வதில் அர்த்தமில்லை. அவ்வளவு சிறிய அளவு நாக்குக்குத் தெரியாது.

இந்துப்பு கேட்டால் கொடுக்கலாம்; கேக்கில் அதற்குத் தனிச் சுவை ஒன்றும் கிடையாது. பாகிஸ்தான் சரக்குக்கு 2025 மே மாதத்தில் தடை வந்தபின் அதன் வரத்து எப்படி என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் கருப்பு உப்பை மட்டும் கேக்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதில் உள்ள கந்தக வாடை கேக் முழுவதும் ஏறிவிடும்.

கடைப் பையன்கள் தடுமாறுகிற இன்னொரு இடம் சோடா உப்பு. ஆப்பச் சோடா, சமையல் சோடா, பேக்கிங் சோடா எல்லாம் ஒன்றே. பேக்கிங் பவுடர் வேறு; அது சோடாவோடு புளிப்புப் பொருளும் மாவும் கலந்தது. ஒன்று கேட்டால் மற்றொன்றைக் கொடுக்கக் கூடாது. சிட்டையில் "உப்பு 1 ஸ்பூன்" என்று எழுதிக்கொண்டு வந்து சோடாவைக் கேட்கிற வீடும் உண்டு, ஆகவே எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வெண்ணெயிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. நம் ஊரில் மோர் கடைந்து எடுக்கிற வெண்ணெயில் உப்பு இல்லை. ரொட்டிக்குத் தடவ அட்டைப் பெட்டியில் வருகிற டேபிள் பட்டரில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 2 கிராம் உப்பு உண்டு. சட்டம் 3 சதவீதம் வரை அனுமதிக்கிறது. அந்த வெண்ணெயில் 100 கிராம் போட்டாலே ஒரு கேக்குக்கு வேண்டிய உப்பு வந்துவிடுகிறது. அதன் மேல் இன்னும் கால் கரண்டி போட்டால் கரித்துவிடும். பழி நம் உப்பின் மேல் விழும். ஆகவே டேபிள் பட்டர் கொடுக்கும்போது "இதில் உப்பு இருக்கிறது அம்மா, தனியாகப் போட வேண்டாம்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். உப்பில்லாத வெண்ணெய் தனியாக வருகிறது. கேக் வீட்டுக்காரர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். பத்துப் பெட்டி டேபிள் பட்டர் வைக்கிற இடத்தில் நான்கு பெட்டி உப்பில்லாதது வைத்தால் போதும், அந்த வாடிக்கை நம்மிடம் தங்கும்.

உப்பு வெண்ணெய் என்றதும் ஒரு சிறு செய்தி. பிரான்ஸ் தேசத்தின் மேற்குக் கரையில் பிரிட்டனி என்று ஒரு பகுதி. மன்னராட்சிக் காலத்தில் அந்நாட்டில் உப்பு வரி கொடுமையாக இருந்தது. பிரிட்டனிக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. எனவே மற்றவர்கள் உப்பை எண்ணி எண்ணிப் போட்டபோது பிரிட்டனிக்காரர்கள் வெண்ணெயில் தாராளமாக உப்புப் போட்டு வைத்தார்கள். அந்தப் பழக்கத்திலிருந்துதான் ஆன்ரி லெ ரூ என்ற சாக்லேட் வியாபாரி, 1977இல் கிபெரான் என்ற ஊரில் கடை திறந்தபோது, உப்பு வெண்ணெய் போட்ட கேரமல் மிட்டாயைச் செய்து விற்றார். இன்று உலகம் முழுவதும் சாக்லேட்டுக்குள் வைத்து விற்கிற சால்ட்டட் கேரமலுக்கு மூலம் அதுதான். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும் உப்பு வரிக்காகத்தானே. வரி இல்லாத உப்பு என்ன செய்யும் என்பதற்கு ஒரு மிட்டாய்க் கடைக்காரர் சாட்சி. இன்று நம் நாட்டில் உப்புக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

எது சாக்லேட், எது சாக்லேட் இல்லை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். கேக் வீடுகளுக்குப் போகும் சரக்கு மூன்று: கோகோ பவுடர், காம்பவுண்ட், அசல் சாக்லேட். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் இந்த வியாபாரத்தில் இறங்கக் கூடாது.

கோகோக் கொட்டையைப் புளிக்க வைத்து, காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி அரைத்தால் கெட்டியான கூழ் வரும். அதை அழுத்திப் பிழிந்தால் கொழுப்பு தனியாக வரும். அதுதான் கோகோ வெண்ணெய். மிஞ்சும் புண்ணாக்கைப் பொடித்தால் கோகோ பவுடர். 1828இல் ஹாலந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தார் இந்தப் பிழியும் முறைக்கு உரிமை பெற்றார்கள். செக்கு வைத்திருக்கிற நம் நண்பர்களுக்கு இது எளிதில் புரியும். எண்ணெய் ஒரு பக்கம், புண்ணாக்கு ஒரு பக்கம். இரண்டுக்கும் விலை உண்டு.

பவுடரிலும் இரண்டு வகை. ஒன்று இயற்கையானது: நிறம் வெளிர், லேசான புளிப்பு. மற்றொன்று காரப்பொருள் சேர்த்துப் புளிப்பை எடுத்தது: நிறம் கருஞ்சிவப்பு, சுவை மென்மை. ஹாலந்தில் தொடங்கியதால் இதற்கு டச் கோகோ என்று பெயர். இயற்கைக் கோகோவின் புளிப்பு சமையல் சோடாவோடு சேர்ந்து கேக்கை உப்ப வைக்கும். டச் கோகோவுக்குப் புளிப்பு இல்லாததால் பேக்கிங் பவுடர் வேண்டும். "அதே அளவுதான் போட்டேன், இந்தத் தடவை எழும்பவில்லை" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால், நாம் கோகோ மாற்றிக் கொடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். டப்பாவின் பின்பக்கம் உட்பொருள் வரியில் அமிலச் சீராக்கி என்று போட்டு 500 அல்லது 501 என்ற எண் இருந்தால் அது டச் வகை.

அசல் சாக்லேட்டில் இருக்கிற முக்கியக் கொழுப்பு கோகோ வெண்ணெய். அது ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். நம் உடம்புச் சூடு 37. அதனால்தான் நாக்கில் வைத்ததும் கரைகிறது. கோகோ வெண்ணெய்க்கு விலை அதிகம். அதை எடுத்துவிட்டு, பனைக் கொட்டை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பைக் கெட்டியாக்கி, அதில் கோகோ பவுடரும் சர்க்கரையும் சேர்த்துச் செய்வது காம்பவுண்ட். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். கட்டியும் ஒரே மாதிரி, தாளும் ஒரே மாதிரி. உட்பொருள் பட்டியலைப் படித்தால் தெரிந்துவிடும். எடையில் எது அதிகமோ அது முதலில் வரும்படி எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரைக்கு அடுத்து ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது காம்பவுண்ட். கோகோ வெண்ணெய், கோகோக் கூழ் என்று இருந்தால் அசல்.

காம்பவுண்ட் மட்டமான சரக்கு என்று நாம் சொல்லவில்லை. அதற்கு அதன் வேலை உண்டு. உருக்கி அச்சில் ஊற்றினால் தானாகவே பளபளப்பாக இறுகும். அசல் சாக்லேட்டை அப்படி ஊற்றினால் மங்கலாக, வரி வரியாக நிற்கும். அதைச் சூடாக்கி, ஆற்றி, மறுபடி சிறிது சூடாக்கிப் பதம் பார்க்க வேண்டும். சர்க்கரைப் பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பது போல் அது ஒரு கை வேலை. நம் ஊர் வெயிலில் மேல்பூச்சுக்கும், குழந்தைகளுக்கு அச்சு மிட்டாய் செய்யவும் காம்பவுண்ட்தான் தாங்கும். ஆனால் பிரவுனிக்கும், கிரீமோடு கலக்கும் கனாஷுக்கும் அசல் வேண்டும். அங்கே காம்பவுண்டைப் போட்டால் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டும். குற்றம் சரக்கில் இல்லை, ஒன்றை மற்றொன்றாகச் சொல்லி விற்பதில்தான் இருக்கிறது.

நம் மண்டியில் பல ஆண்டுகளாகச் சரக்கெடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர் சொன்னதை அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறோம். அவர் கடைக்கு அடுத்த தெருவில் ஒரு கேக் வீடு. அந்தப் பெண் அசல் டார்க் சாக்லேட் 1 கிலோ கேட்டிருக்கிறார். இவரிடம் இருந்தது காம்பவுண்ட். மேலுறை பிரித்து அரை அரை கிலோவாகக் கட்டி வைத்திருந்தார். கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்தார். "அண்ணாச்சி, நீங்க குடுத்தீங்களே, அது சாக்லேட்தானா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாம்மா, எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க" என்பது இவர் பதில். அந்தப் பெண் வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த ஆர்டர் அது என்பதும், கேக் வாயில் ஒட்டுகிறது என்று அவர்கள் பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதும், வேறொருவர் மூலம் பிறகுதான் இவருக்குத் தெரிந்தது. அடுத்த மாதம் அந்த வீட்டு மளிகைச் சிட்டை வரவில்லை. அதற்கடுத்த மாதம் அந்தப் பெண்ணின் அக்காள் வீட்டுச் சிட்டையும் வரவில்லை. ஒரு கிலோவில் கூடுதலாக நின்றது நூறு ரூபாயோ நூற்றைம்பதோ. போனது இரண்டு வீட்டு மாத மளிகை.

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தெரியாது, அவ்வளவுதான். தெரியாததை "ஆமாம்" என்று சொன்னதுதான் வினை. "இது காம்பவுண்ட் அம்மா, அசல் வேண்டுமென்றால் வியாழக்கிழமை வரவழைத்துத் தருகிறேன்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் காத்திருப்பார் என்பது நம் கணிப்பு. இப்போது அந்தக் கடையில் இரண்டுக்கும் தனித்தனி டப்பா, தனித்தனிச் சீட்டு. அந்த வீட்டார் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

நம் ஊர் வெயிலும் நம் கடை வாசனையும்

சாக்லேட்டுக்கு எதிரி சூடு, ஈரம், வாசனை. மூன்றும் நம் கடையில் தாராளம்.

34 டிகிரியில் உருகுகிற பொருளைச் சித்திரை மாதத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழ் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பகலில் இளகி இரவில் இறுகும்போது கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும். பூசணம் பூத்துவிட்டது என்று பயந்து தூக்கி எறிகிறவர்கள் உண்டு. அது பூசணம் அல்ல, உடம்புக்குக் கெடுதியும் இல்லை. உருக்கி மாவில் சேர்ப்பதற்குத் தாராளமாகப் பயன்படும். ஆனால் வெள்ளை படிந்ததை மறைத்து முழு விலைக்குத் தள்ளக் கூடாது. சொல்லி, விலை குறைத்துக் கொடுத்தால் கேக் வீட்டுக்காரர் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்.

பிரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும் என்பதும் பாதிதான் உண்மை. வெளியே எடுத்ததும் வியர்க்கும். அந்த ஈரத்தில் மேலிருக்கும் சர்க்கரை கரைந்து, காய்ந்து, சொரசொரப்பான வெள்ளையாக நிற்கும். வைப்பதானால் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். எடுத்தபின் டப்பாவைத் திறக்காமல் கடைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிட வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, சரக்கைக் காலையில் இறக்கச் சொல்லுங்கள். மத்தியான வண்டியில் வந்த சாக்லேட் கடைக்கு வருவதற்கு முன்பே பாதி கெட்டுவிடும்.

வாசனை விஷயம் இன்னும் மோசம். கோகோவும் சாக்லேட்டும் பக்கத்தில் இருக்கும் வாடையை இழுத்துக்கொள்ளும். பெருங்காயம், கற்பூரம், ஊதுபத்தி, சோப்பு, கருவாடு இவற்றுக்குப் பக்கத்து அலமாரியில் கோகோ வைத்தால், கேக்கை வெட்டும்போது சாம்பார் வாசனை வரும். ஒரு தனி டின், இறுக்கமான மூடி, ஈரமில்லாத கரண்டி, உள் அறையில் சுவரோரம் ஓர் இடம், இவ்வளவு போதும். ஈரக் கரண்டி பட்டால் கோகோ கட்டி கட்டும். வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: சாக்லேட் உருக்குகிற பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் திரிந்து கட்டியாகிவிடும். இந்த ஒரு வார்த்தையால் தப்பிய சாக்லேட் எத்தனையோ கிலோ.

விலையும் வரியும்

உலகக் கோகோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே மழை தவறியது, மரங்கள் கிழடாயின, நோய் விழுந்தது. பல ஆண்டுகளாக டன்னுக்கு 2,000, 3,000 டாலர் என்றிருந்த விலை 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் 12,000 டாலரைத் தாண்டியது. 2025 முடிவதற்குள் ஏறத்தாழப் பாதிக்கு இறங்கியது. ஏறின விலையில் வாங்கித் தேக்கியவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். தேங்காய் மாதிரி நினைத்துக்கொண்டு கோகோவை யாரும் தேக்க வேண்டாம். நம் நாட்டிலும் கோகோ விளைகிறது: ஆந்திரா, கேரளா, கர்நாடகா, நம் பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக. கர்நாடகாவில் புத்தூரில் பாக்கு விவசாயிகளின் கூட்டுறவான காம்ப்கோ 1986 முதல் சாக்லேட் ஆலை நடத்துகிறது. ஆனாலும் நாட்டுத் தேவைக்கு உள்ளூர் விளைச்சல் போதாது, எனவே வெளிநாட்டு விலை நம் கல்லாவைத் தொடாமல் இருக்காது.

விலை ஏறுகிற நேரத்தில் கலப்படமும் ஏறும். கோகோத் தோலை அரைத்துப் பவுடரில் கலப்பதும், மாவு சேர்ப்பதும் நடக்கிறது. விரலில் தேய்த்தால் நைசாக இழைய வேண்டும், நறநறவென்றிருந்தால் திருப்பிவிடுங்கள். மூக்கில் வாசனை அடிக்காத கோகோ எந்த விலைக்கும் வேண்டாம்.

2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட், கோகோ பவுடர் இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், வெண்ணெய்க்கு 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. நமக்கு இது நல்ல செய்தி. கேக் வீட்டுக்காரர்கள் பில் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் கொடுங்கள். அவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டியவர்கள். எங்கே வாங்கினோம் என்று காட்ட அவர்களுக்குச் சீட்டு வேண்டும்.

25 கிலோ பையைப் பிரித்து 100 கிராம் பொட்டலம் போடுகிறவர்கள், பெயர், எடை, அதிகபட்ச விலை, கட்டிய மாதம், காலாவதித் தேதி, கட்டியவர் முகவரி, உரிம எண், உட்பொருள் எல்லாவற்றையும் அச்சிட்டுத்தான் கட்ட வேண்டும். வெறும் பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்டு போட்டுத் தொங்கவிடுவது அபராதத்துக்கு அழைப்பு. அந்த வசதி இல்லையென்றால் கம்பெனியே கட்டித் தருகிற சிறிய பொட்டலத்தை வைப்பதுதான் உத்தமம்.

முதல் தடவை வைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு தட்டு பிரவுனிக்கு டார்க் சாக்லேட் 150 கிராம், வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை இரண்டு, மைதா 80 கிராம், கோகோ 20 கிராம், உப்பு ஒரு சிட்டிகை பிடிக்கும். முட்டை சேர்க்காதவர்கள் தயிரோ கண்டென்ஸ்டு மில்க்கோ கேட்பார்கள், அதையும் இரண்டு டின் வையுங்கள். தெருவில் இரண்டு கேக் வீடு இருந்தால் அசல் சாக்லேட் 3 கிலோ, காம்பவுண்ட் 3 கிலோ, கோகோ 100 கிராம் டப்பா ஒரு டஜன், உப்பில்லாத வெண்ணெய் அரை கிலோவாக நான்கு என்று ஆரம்பித்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் எது ஓடுகிறது என்று தெரிந்துவிடும். இவர்களுக்குச் சீசன் டிசம்பர். ஐப்பசி, கார்த்திகை மழைக் குளிரில் சாக்லேட்டும் கெடாமல் நிற்கும். எனவே கிறிஸ்துமஸ் சரக்குக்கு நவம்பர் முதல் வாரத்திலேயே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். டிசம்பர் 15க்கு மேல் கேட்டால் மண்டியில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.